சொல்தா வீட்டுப் பதக்கங்கள்

புதுச்சேரியில் பழைய ராணுவப் பதக்கம் சேகரிக்க நினைப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, பிரெஞ்சுப் பதக்கத்தில் பெரும்பாலும் பெயர் இருக்காது என்பதைத்தான். பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்தவர்களின் பதக்கம் அப்படியல்ல. முதல் உலகப் போருக்குக் கொடுத்த வெள்ளிப் பதக்கத்தின் விளிம்பைத் திருப்பிப் பார்த்தால் சிப்பாயின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பதிந்திருக்கும். இரண்டாம் உலகப் போரின் நட்சத்திரப் பதக்கங்களை இங்கிலாந்துப் படையினருக்குப் பெயரில்லாமல் கொடுத்தவர்கள், இந்தியப் படையினருக்குப் பெயர் பொறித்தே கொடுத்தார்கள். வேலூரிலோ திருச்சியிலோ கிடைக்கும் பதக்கம் தன் சொந்தக்காரர் யார் என்று தானே சொல்லிவிடும். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கிடைப்பது வாய் திறக்காது.

இன்னொன்றும் உண்டு. பிரான்சில் அரசு கொடுப்பது விருதையும் அதற்கான சான்றிதழையும். மார்பில் குத்திக்கொள்ளும் பதக்கத்தைப் பல சமயம் விருது பெற்றவரே கடையில் வாங்கிக்கொள்வார். அதனால் ஒரே பதக்கத்தைப் பாரிஸ் நாணயச்சாலையும் செய்திருக்கும், தனியார் நகைப் பட்டறைகளும் செய்திருக்கும். தரமும் எடையும் மாறும். தொலைந்துபோனால் இன்னொன்று வாங்கிக்கொள்வார்கள். ஆகவே உங்கள் கையில் இருக்கும் பதக்கம் நூற்றுக்கு நூறு அசலாக இருந்தாலும், அதை யாரோ போர்க்களத்தில் சம்பாதித்தார் என்பதற்கு அது மட்டும் ஆதாரம் ஆகாது. அசல் உலோகமா என்பது ஒரு கேள்வி, யாருடையது என்பது வேறு கேள்வி. புதியவர்கள் முதல் கேள்விக்கு விடை கிடைத்ததும் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள். இந்த ஊரில் இரண்டாவது கேள்விக்குத்தான் மதிப்பு.

இவ்வளவு பதக்கங்கள் இங்கே எப்படி வந்தன என்பது நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்தவர்களை ஊரில் சொல்தா என்போம். இந்தோசீனாவில் 1954 வரை, பிறகு அல்ஜீரியாவில் 1962 வரை நம் தெருக்காரர்கள் போரிட்டிருக்கிறார்கள். 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவுக்குக் கைமாறி, 1962 ஆகஸ்ட் 16 அன்று அதற்கான ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு ஆறு மாத அவகாசம் கிடைத்தது. அப்படித் தேர்ந்தெடுத்த குடும்பங்களில் பலவற்றுக்குப் பின்னால் ஒரு ராணுவ பென்ஷன் இருக்கிறது. ஜூலை 14, நவம்பர் 11 ஆகிய நாட்களில் கடற்கரைச் சாலைப் போர் நினைவுச்சின்னத்துக்குப் போனால், கோட்டு அணிந்து, பதக்க வரிசையை நெஞ்சில் குத்திய முதியவர்களைப் பார்க்கலாம். அங்கே விலை பேசும் வழக்கத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். அது அஞ்சலி செலுத்தும் இடம்.

இனி ஒரு வரிசையை எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டில், தாத்தாவின் பதக்கங்களைப் பேத்தி எடுத்துவந்து காட்டினார். ஒரே பட்டையில் நான்கு: மஞ்சள் ரிப்பனில் பச்சை ஓரம் வைத்த மெதாய் மிலித்தேர் எனும் ராணுவப் பதக்கம், குருவா தெ கெர் எனும் போர்ச் சிலுவை, போராளிச் சிலுவை, கடைசியில் இந்தோசீனா நினைவுப் பதக்கம். நான் முதலில் உலோகத்தைத் தொடவில்லை. பட்டையைக் கவிழ்த்துப் பின்பக்கத் துணியைப் பார்த்தேன். காக்கி நூலால் கைத்தையல், வியர்வைக் கறை, தேய்ந்து வளைந்த ஊசி. ரிப்பனின் முன்பக்கம் வெளிறியிருந்தது. மடிப்பை லேசாக விலக்கினால் உள்ளே பழைய நிறம் அப்படியே இருந்தது. வெயிலில் பல வருடம் அணிந்த ரிப்பன் இப்படித்தான் இருக்கும். தேயிலைத் தண்ணீரில் நனைத்துப் பழசாக்கியதில் முன்னும் பின்னும் ஒரே நிறம் ஏறியிருக்கும்.

பிறகு சிலுவை. வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான், ஆகவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பிரெஞ்சுப் போர்ச் சிலுவைகள் முன்பக்கம் பெரும்பாலும் ஒன்றுபோல இருக்கும்: நான்கு கை, குறுக்கே இரண்டு வாள், நடுவில் பெண் தலை. எந்தப் போர் என்பதைப் பின்பக்கம் சொல்லும். 1915இல் தொடங்கிய முதல் வகையில் 1914–1915 முதல் 1914–1918 வரை ஏதாவது ஒரு ஜோடி ஆண்டு இருக்கும். ரிப்பன் பச்சை, அதில் மெல்லிய சிவப்புக் கோடுகள். இரண்டாம் உலகப் போருக்கு 1939, 1939–1940, 1939–1945 என்று வரும். ரிப்பன் சிவப்பு, நடுவில் பச்சைக் கோடுகள். 1921இல் ஏற்படுத்திய மூன்றாவது வகை வெளிநாட்டுப் போர்க்களங்களுக்கானது. அதன் பின்பக்கத்தில் ஆண்டே இருக்காது; வெளிப் போர்க்களங்கள் என்று பிரெஞ்சில் எழுதியிருக்கும். ரிப்பன் நடுவில் வெளிர்நீலம், இரு ஓரமும் சிவப்பு. இந்தோசீனா போன நம்மவர்களுக்குக் கிடைத்தது இந்த மூன்றாவது வகை. கடைகளில் என்ன செய்கிறார்கள் என்றால், எளிதில் கிடைக்கும் 1939–1945 சிலுவையில் வெளிர்நீல ரிப்பனைக் கோத்து, “இந்தோசீனா சார், அரிய பொருள்” என்கிறார்கள். உலோகம் அசல், ரிப்பன் அசல், ஜோடிதான் பொய். திருப்பிப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

ரிப்பன் மேல் குத்தியிருக்கும் சின்னத்தையும் விடக்கூடாது. ரெஜிமெண்ட் அளவில் பாராட்டு என்றால் வெண்கல நட்சத்திரம், டிவிஷன் அளவில் வெள்ளி நட்சத்திரம், அதற்கு மேல் கோர் அளவில் பொன்முலாம் நட்சத்திரம், முழுப் படை அளவில் வெண்கல ஓலை. அந்த முத்தியால்பேட்டைச் சிலுவையில் இருந்தது வெள்ளி நட்சத்திரம். பேத்தி மஞ்சளேறிய ஒரு தட்டச்சுத் தாளை நீட்டினார். அதில் பாராட்டு டிவிஷன் ஆணையாக வந்திருந்தது. அதன் தலைப்பில் இருந்த ராணுவ எண், தாத்தாவின் லிவ்ரே மிலித்தேர் எனும் பணிப் புத்தகத்திலும் இருந்தது. பதக்கம், நட்சத்திரம், தாள், எண் நான்கும் ஒத்துப்போனபோதுதான் அது இன்னாருடைய பதக்கம் என்று என்னால் எழுதி வைக்க முடிந்தது. அந்தத் தாள் இல்லையென்றால், அதே உலோகத்துக்குக் கால்பங்கு மதிப்புகூட நான் போடமாட்டேன்.

உலோகச் சோதனையும் வேண்டும்தான். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று, நகைக்கடைச் சின்னத் தராசு ஒன்று போதும். அச்சில் அடித்ததில் எழுத்துகளின் ஓரம் கூர்மையாக நிற்கும். வார்த்து எடுத்த போலியில் ஓரம் மழுங்கி, குழிகளில் குண்டூசி முனை அளவு காற்றுக்குமிழி தெரியும். வளையத்திலும் விளிம்பிலும் முத்திரையைத் தேடுங்கள். பாரிஸ் நாணயச்சாலை 1880 முதல் கொம்புக்கூடை முத்திரை போடுகிறது. வெள்ளிக்குப் பாரிசில் காட்டுப்பன்றித் தலை, வெளியூரில் நண்டு. எள்ளளவுதான் இருக்கும், பழகிய கண்ணுக்கே முதலில் தெரியாது. நகைப் பட்டறைக்குக் கொண்டுபோனால் உரைகல்லில் உரசச் சம்மதிக்காதீர்கள். தங்கம் சோதிக்கும் கேரட் மீட்டர் கருவியில் வைத்தால் கீறல் இல்லாமல் வெள்ளிப் பங்கு தெரிந்துவிடும்.

ரூபாய் நோட்டு சோதிக்கும் ஊதா விளக்கை ரிப்பன் மீது காட்டினால், பிற்காலச் செயற்கை நூல் பளிச்சென்று ஒளிரும், பழைய பட்டும் பருத்தியும் மங்கலாகவே இருக்கும். இதை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். சலவைத்தூளிலும் அந்த ஒளிரும் பொருள் உண்டு. கொடியேற்றத்துக்கு முன்னால் பாட்டி ரிப்பனைத் துவைத்துக் கொடுத்திருந்தால் அசலும் ஒளிரும்.

பிரான்சின் உயரிய விருதான லெஜியோன் தொனேர் கிடைத்தால் வெள்ளை எனாமலைப் பாருங்கள். அணிந்து பழகியதில் கைகளின் நுனி உடைந்திருப்பது சகஜம். உடையாதது போல் இருந்தால் பெயிண்ட் பூசியிருக்கிறதா என்று சாய்ந்த வெளிச்சத்தில் சோதியுங்கள். முன்பக்க நடுவட்டத்தில் 1870 என்றிருந்தால் அது மூன்றாம் குடியரசின் அச்சு. பின்பக்கத்தில் 29 ஃப்ளோரேயால் என்ற புரட்சி நாட்காட்டித் தேதி இருந்தால் ஐந்தாம் குடியரசு காலத்தது. முதல் உலகப் போர்த் தாத்தாவின் பதக்கம் என்று இதைக் கொடுத்தால், பின்னாளில் மாற்றி வாங்கியதா என்று கேளுங்கள். குடும்பம் பொய் சொல்கிறது என்று முடிவு கட்ட வேண்டாம்.

பேட்ஜுகளைப் பற்றி இரண்டு விஷயம். நங்கூரம் போட்ட பேட்ஜைக் காட்டி, “எங்க தாத்தா நேவியில இருந்தாரு” என்பார்கள். பிரெஞ்சுக் காலனியப் படைகள் முன்பு கடற்படை அமைச்சகத்தின் கீழ் இருந்தவை. 1900இல் தரைப்படைக்கு மாறிய பிறகும் நங்கூரத்தை விடவில்லை. புதுச்சேரிக்காரர்கள் பெரும்பாலும் சேர்ந்தது அந்தப் படைகளில். ஆகவே நங்கூரம் என்றால் முதலில் காலனியக் காலாட்படை, பீரங்கிப்படை என்று தேடத் தொடங்குங்கள். இரண்டாவது, பதக்கத்துக்குச் சொன்ன வார்ப்புச் சோதனை இங்கே தலைகீழாகும். நல்ல பேட்ஜுகளின் பின்பக்கத்தில் த்ராகோ, அர்த்துஸ் பெர்த்ராண் போன்ற பாரிஸ் பட்டறைகளின் பெயர் இருக்கும். போருக்குப் பின் அங்கீகரித்தவற்றில் ஜி எழுத்தோடு ஒரு எண்ணும் வரும். ஆனால் இந்தோசீனாவில் இருந்த பிரிவுகள் சில, உள்ளூர்க் கொல்லர்களிடம் மணல் அச்சில் பித்தளையை வார்த்துப் பேட்ஜ் செய்துகொண்டன. பட்டறைப் பெயர் இருக்காது, ஓரம் கரடுமுரடாக இருக்கும், பின்னால் ஊசியைப் பற்றவைத்திருப்பார்கள். போலி என்று இவற்றை ஒதுக்கியவர்கள் அருமையான பொருட்களை இழந்திருக்கிறார்கள். அதே காரணத்தால் இவற்றைப் போலி செய்வதும் எளிது. இங்கும் யார் வீட்டிலிருந்து வந்தது என்பதே துணை.

காகிதத்துக்குத் திரும்பி வருகிறேன், ஏனென்றால் அதில்தான் நம் ஊருக்கே உரிய ஒரு எச்சரிக்கை இருக்கிறது. பாராட்டுத் தாளையும் விருதுச் சான்றிதழையும் பதக்கத்தோடு சேர்த்து வாங்கலாம். ஆனால் குடும்பப் புத்தகம், பிறப்புப் பதிவு, குடியுரிமைச் சான்று, பென்ஷன் தாள் இவற்றை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். நாளைக்கு ஒரு பேரன் பிரெஞ்சுக் குடியுரிமையை நிரூபிக்க வேண்டி வந்தால் அந்தக் கிழிந்த தாள்தான் அவனுக்கு வழி. அவற்றைப் படம் எடுத்துக்கொண்டு, அசலை உறை போட்டு அவர்களிடமே கொடுத்து, “இதை யார் கேட்டாலும் கொடுக்காதீங்கம்மா” என்று சொல்லிவிட்டு வருவதே என் வழக்கம். பணிப் புத்தகத்தையும் அவர்களிடமே விட்டுவிடுகிறேன்.

வீட்டில் தாளே இல்லையென்றால் பிரான்சில் தேடலாம். பிரான்சுக்காக உயிர்நீத்தவர்களின் பதிவு, அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் மெம்வார் தேசோம் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பிறந்த ஊர் புதுச்சேரி என்று கொடுத்துத் தேடலாம். 1977க்கு முன் இறந்த லெஜியோன் தொனேர் உறுப்பினர்களுக்கு லெயோனோர் தரவுத்தளம் இருக்கிறது. தனிநபர் ராணுவக் கோப்புகள் போ நகரத்து ஆவணக் காப்பகத்தில். அதற்கு வாரிசுகளையே எழுதச் சொல்லுங்கள், உறவைக் காட்டினால் வேலை சுலபம். தேடும்போது நம் பெயரைப் பிரெஞ்சுக் குமாஸ்தா எப்படி எழுதியிருப்பார் என்று யோசியுங்கள். உகரத்துக்கு ஓ, யூ இரண்டு எழுத்து, கடைசியில் ஒலிக்காத ஒரு ஈ. சுப்பராயனும் முத்துவும் இப்படித்தான் அகப்படுவார்கள். அப்பா பெயரும் மகன் பெயரும் இடம் மாறியும் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் எப்போதாவது ஒற்றைப் பதக்கம் தலைகாட்டும். காயலான் கடைகளில் வெள்ளியை எடைக்கு வாங்கி உருக்கிவிடுகிறார்கள். அதனால் தெரிந்த கடைக்காரரிடம், உருக்கும் முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டு வைப்பது பலன் தரும். கேட்கும்போதே, இதை யார் கொடுத்தார், எந்தத் தெரு என்றும் விசாரியுங்கள். ஒரு வரிசையைப் பிரித்து, நல்லதை மட்டும் எடுத்துக்கொள்ளும் பழக்கத்தை நான் அறவே வெறுக்கிறேன். நான்கு பதக்கம் சேர்ந்திருந்தால் அது ஒரு மனிதனின் வாழ்க்கை. பிரித்தால் நான்கு சில்லறை.

வாங்கியபின் எதையும் துலக்காதீர்கள். குத்துவிளக்குக்கு விபூதி போட்டுத் தேய்ப்பது போல் மெதாய் மிலித்தேரைத் தேய்த்தால் வெள்ளி மேலிருக்கும் பொன்முலாம் போய்விடும். புளி வெண்கலத்தின் பழுப்பு நிறத்தை உரித்துவிடும். நம் ஊர் உப்புக் காற்றுக்கு, அமிலமில்லாத தாளில் சுற்றி, சிலிக்கா ஜெல் பையோடு மூடிய பெட்டியில் வைப்பதே போதும். பி.வி.சி. உறைகள் காலப்போக்கில் பச்சை பிடிக்க வைக்கும்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு தாண்டிய, வரலாற்று மதிப்புள்ள பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. முதல் உலகப் போர்ப் பதக்கங்கள் அந்த வயதைக் கடந்துவிட்டன. பாரிசில் இருக்கும் பேரனுக்கு அனுப்புமுன் தொல்லியல் துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வருடம் ஒரு வேலை செய்ய வேண்டும் என்றால் இதைச் செய்யுங்கள். அல்ஜீரியாவில் இருபது வயதில் இருந்தவர்கள் இன்று எண்பதைத் தாண்டிவிட்டார்கள். புஸ்ஸி வீதியில் இருக்கும் ஃபோயே து சொல்தா எனும் முன்னாள் படைவீரர் மன்றத்திலோ, உங்கள் தெருவிலோ ஒருவரைத் தெரிந்திருந்தால் அனுமதி கேட்டுப் போய் உட்காருங்கள். எந்த ரெஜிமெண்ட், எந்த ஆண்டு எந்தத் துறைமுகத்தில் கப்பல் ஏறினார், எந்த ஊரில் காயம், அந்தச் சிலுவையை யார் குத்திவிட்டார், கூட இருந்த புதுச்சேரிக்காரர்கள் யார் யார் என்று கேட்டுக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பதக்க வரிசையை அவர் கையிலேயே கொடுத்துவிட்டுக் கேளுங்கள். ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொல்லும்போது தேதி தவறாமல் வரும். பதிவின் ஒரு பிரதி அந்தக் குடும்பத்துக்கு.