கினிக்கோழி வளர்ப்பு

கினிக்கோழியின் தாயகம் ஆப்பிரிக்கா. கருஞ்சாம்பல் நிற இறகுகளில் முத்துகளைத் தூவியதுபோல் வெண்புள்ளிகள் நிறைந்திருப்பதால், மலாய்மொழியில் இதனை ‘ஆயாம் முத்தியாரா’, அஃதாவது முத்துக்கோழி என்பர். இந்தியாவில் இசத்நகரிலுள்ள நடுவண் பறவையின ஆராய்ச்சி நிலையம் காதம்பரி, சிதம்பரி, சுவேதாம்பரி ஆகிய மூன்று வகைகளை உருவாக்கியுள்ளது.

மலாக்கா மாநிலத்தின் அலோர் காஜா மாவட்டத்தில், நெகிரி செம்பிலான் எல்லையருகே அமைந்துள்ள ஊர் லூபோக் சீனா. செம்பனையும் இரப்பரும் சூழ்ந்த இத்தகைய ஊர்களில், வீட்டைச் சுற்றிச் சிறிது நிலம் வைத்திருப்போர் கினிக்கோழிகளை மேயவிட்டு வளர்க்கலாம். இவை வெட்டுக்கிளி, கறையான், உண்ணி போன்றவற்றைத் தேடித் தின்பதால் தீவனச் செலவு குறையும். நாட்டுக்கோழியைப்போல் மண்ணை மிகுதியாகக் கிளறுவதில்லை. எனவே, காய்கறிப் பாத்திகளுக்கும் சேதம் குறைவு.

எனினும், கினிக்கோழி காட்டியல்பு முற்றிலும் மாறாத பறவை. மாலையில் மரமேறி உறங்குவதே அதன் வழக்கம். செம்பனைக் காடுகளில் மலைப்பாம்பும் மரநாயும் இரவில் இரை தேடுகின்றன. மரக்கிளையில் உறங்கும் பறவைகளை அவை ஒவ்வொன்றாகக் கவர்ந்து செல்லும். சில மாத உழைப்பு சில இரவுகளில் வீணாகிவிடும். ஆகவே, பறவைகளைக் கூட்டுக்குப் பழக்குவதே இவ்வளர்ப்பின் முதற்பாடம் ஆகும்.

புதிதாக வாங்கிய பறவைகளை ஏறத்தாழ ஆறு வாரங்கள் கூட்டிலேயே அடைத்து வைக்க வேண்டும். பின்னர், ஓரிரு பறவைகளை மட்டும் வெளியே விட வேண்டும். கூட்டத்தைப் பிரிய விரும்பாத அவை, கூட்டைச் சுற்றியே மேய்ந்து திரும்பும். அதன்பிறகு எண்ணிக்கையைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். நாள்தோறும் மாலையில் ஒரே நேரத்தில், ஒரே ஒலியெழுப்பிக் கூட்டினுள் தானியம் இட்டால், பறவைகள் தாமே வந்து சேரும். இருண்ட கூட்டினுள் நுழையக் கினிக்கோழி தயங்கும். ஆதலால், உள்ளே சிறு விளக்கு எரிவது நல்லது.

கூட்டில் ஒரு பறவைக்கு மூன்று சதுர அடி இடமேனும் வேண்டும். உயரத்தில் குறுக்குக் கழிகள் அமைத்தால் பறவைகள் அவற்றில் அமர்ந்து உறங்கும். பக்கங்களில் நெருக்கமான கம்பிவலையும், மேலே மழை ஒழுகாத கூரையும் அமைய வேண்டும். தரையில் இடும் மரத்தூள் ஈரமானால் உடனே மாற்ற வேண்டும்.

பெட்டைகள் புதர்களில் மறைவாக முட்டையிடும். அம்முட்டைகளை எடுத்து நாட்டுக்கோழியை அடைகாக்கச் செய்யலாம். குஞ்சு பொரிக்க 26 முதல் 28 நாள்கள் ஆகும். குஞ்சுகளுக்கு ஈரமே பெரும் பகை. பனியிலும் மழையிலும் நனைந்தால் அவை விறைத்து இறந்துவிடும். முதல் வாரத்தில் 35 பாகை செல்சியசு வெப்பமும், புரதம் மிகுந்த தீவனமும் தர வேண்டும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களை இட்டால், குஞ்சுகள் மூழ்கி இறப்பதைத் தடுக்கலாம்.

அந்நியர், பாம்பு, நாய் எதைக் கண்டாலும் கினிக்கோழிகள் ஒருசேரக் கத்தும். அவ்வொலி நிலத்துக்குக் காவல். அண்டை வீட்டாருக்கோ தொல்லை. எனவே, நெருக்கமான வீடமைப்புப் பகுதிகளுக்கு இப்பறவை ஏற்றதன்று. தோட்டப்புறங்களிலும் அண்டை வீட்டாரிடம் முன்கூட்டியே கலந்து பேசிவிட்டு வளர்ப்பதே பண்பாகும்.