இந்த எரரைச் சரிசெய்ய வேண்டியவர் யார்?

பேக் எண்ட் வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களில் ஒரு ஏபிஐ முழுக்க உங்கள் பொறுப்பில் வந்துவிடும். எல்லாம் ஒழுங்காக நடக்கும்போது ஓடும் கோடை யாரும் எழுதிவிடலாம். ஒழுங்காக நடக்காதபோது உங்கள் ஏபிஐ என்ன பதில் சொல்கிறது என்பதைப் பார்த்துத்தான் குழுவில் உங்களை மதிப்பிடுவார்கள். இன்று பல நிறுவனங்களில் புழங்கும் ஃபாஸ்ட்ஏபிஐயை வைத்தே பார்ப்போம். செபாஸ்டியான் ராமிரெஸ் 2018-இல் வெளியிட்ட பைத்தான் ஃப்ரேம்வொர்க் இது. அடியில் ஸ்டார்லெட், பைடான்டிக் என்ற இரண்டு லைப்ரரிகள் இருக்கின்றன. இதில் வரும் சிக்கல்களில் பல அந்த அடித்தளத்தில்தான் ஒளிந்திருக்கின்றன.

ஸ்டேட்டஸ் கோடு எழுதும் முன் ஒன்றை முடிவு செய்யுங்கள்: இதைச் சரிசெய்ய வேண்டியவர் யார்? கேட்டவர் என்றால் 400 வரிசை, நாம் என்றால் 500 வரிசை. கண்காணிப்புக் கருவியும், தானாகத் திரும்ப முயலும் கிளையன்டும் இந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவெடுக்கின்றன. பேருந்து டிக்கெட் பதிவில் ஒருவர் தவறான தேதி அனுப்பியதற்கு நீங்கள் 500 கொடுத்தால், ஆன்-காலில் இருக்கும் சக ஊழியரின் தூக்கம் வீணாகும். இதைவிட மோசமானது, 200 கொடுத்துவிட்டு உள்ளே ‘சக்ஸஸ்: ஃபால்ஸ்’ என்று எழுதுவது. பணம் கட்டுவது வரிசையாகத் தோற்றுக்கொண்டிருக்கும். டாஷ்போர்டோ பச்சையாகவே இருக்கும். எந்தக் குழுவிலும் இந்தப் பழக்கத்தை எதிர்த்துப் பேசுங்கள்.

அடுத்து, ஒவ்வொரு ரூட்டிலும் ட்ரை-எக்செப்ட் போட்டு நிரப்பாதீர்கள். ‘இருக்கை ஏற்கெனவே பதிவாகிவிட்டது’ என்பதற்கு உங்களுக்கென ஒரு எக்செப்ஷன் கிளாஸ் எழுதி, சர்வீஸ் லேயரில் அதை ரெய்ஸ் செய்யுங்கள். அதை 409 ஆக மாற்றும் வேலையை ஆப்பில் பதிவு செய்த ஒரே ஒரு எக்செப்ஷன் ஹேண்ட்லர் பார்த்துக்கொள்ளட்டும். நாளை அந்த சர்வீஸ் லேயர் ஃபங்ஷனை ஒரு க்யூ வொர்க்கரோ கிரான் ஜாபோ அழைக்கும். அங்கே எச்டிடிபி என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஹேண்ட்லர் எழுதும்போது பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. எச்டிடிபிஎக்செப்ஷன் என்ற பெயரில் இரண்டு கிளாஸ்கள் இருக்கின்றன: ஸ்டார்லெட்டில் இருப்பது தாய், ஃபாஸ்ட்ஏபிஐயில் இருப்பது அதன் வழிவந்தது. இல்லாத முகவரிக்கு வரும் 404-ஐ எழுப்புவது ஸ்டார்லெட். ஆகவே ஹேண்ட்லரைத் தாய் கிளாஸுக்கே பதிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் உங்கள் எரர்கள் ஒரு வடிவத்திலும் அந்த 404 வேறு வடிவத்திலும் போகும்.

வேலிடேஷன் எரரான 422-இல் இன்னும் கவனம் வேண்டும். பைடான்டிக் இரண்டாம் பதிப்பில், எந்த உள்ளீடு தவறு என்பதோடு அந்த உள்ளீட்டையே பதிலில் திருப்பி அனுப்புகிறது. கட்டாயமான ஒரு ஃபீல்டு விடுபட்டிருந்தால், அதைச் சுற்றியுள்ள முழு ஆப்ஜெக்டும் கூடவே வரும். லாகின் படிவமாக இருந்தால் பாஸ்வேர்டும் அதில் இருக்கும். அதை அப்படியே லாகில் எழுதினால், லாகைப் பார்க்க அனுமதி உள்ள எல்லோர் கண்ணிலும் அது படும். உங்கள் ஹேண்ட்லரில் ‘இன்புட்’ என்ற பகுதியை நீக்கிவிடுங்கள். எந்த ஃபீல்டு, என்ன தவறு என்ற இரண்டும் போதும்.

எதிர்பாராத எக்செப்ஷனுக்குக் கிளையன்டிடம் ஸ்டாக் ட்ரேஸைக் காட்டக் கூடாது. பொதுவான ஒரு வாக்கியமும் ஒரு ரிக்வெஸ்ட் ஐடியும் கொடுங்கள். அதே ஐடியோடு முழு ட்ரேஸும் லாகில் இருக்கட்டும். வாடிக்கையாளர் ஐடியைச் சொன்னதும் நேராக அந்த வரிக்குப் போய்விடலாம்.

புதியவர்களை நாள் முழுக்க அலைய வைக்கும் சிக்கல் ஒன்று இதில் இருக்கிறது. எக்செப்ஷன் என்ற பொது கிளாஸுக்கு நீங்கள் எழுதும் ஹேண்ட்லர், எல்லா மிடில்வேர்களுக்கும் வெளியே இருக்கும் அடுக்கில் ஓடுகிறது. அதனால் அந்த 500 பதில், வேறு டொமைனிலிருந்து வரும் கோரிக்கைகளை அனுமதிக்கும் கோர்ஸ் மிடில்வேர் வழியாகப் போவதில்லை. கோர்ஸ் ஹெடர்களும் சேர்வதில்லை. பிரௌசரில் தெரிவது ‘கோர்ஸ் எரர்’ மட்டுமே. ஃப்ரண்ட் எண்ட்காரர் கோர்ஸ் அமைப்பைத் திருத்தச் சொல்லிக் கேட்பார், நீங்களும் அதையே நோண்டிக்கொண்டிருப்பீர்கள். உண்மையில் விழுந்திருப்பது உங்கள் டேட்டாபேஸ் கனெக்‌ஷனாக இருக்கும். திடீரென்று ஒரு ரூட்டில் மட்டும் கோர்ஸ் புகார் வந்தால், முதலில் சர்வர் லாகைத் திறந்து பாருங்கள்.

டேட்டாபேஸ் செஷனை யீல்டு மூலம் தரும் டிபென்டென்சியிலும் உண்மையான எரர் இப்படி மறைந்துபோகலாம். எக்செப்ட் பகுதியில் ரோல்பேக் செய்துவிட்டு நின்றுவிடாதீர்கள். எக்செப்ஷனை மறுபடி ரெய்ஸ் செய்யுங்கள். மறந்தால் கிளையன்டுக்கு 500 போகும், லாகில் காரணம் எதுவும் இருக்காது.

பதிலின் வடிவத்தை நீங்களே கண்டுபிடிக்க வேண்டியதில்லை. எச்டிடிபி ஏபிஐகளின் எரர் பதிலுக்கென்றே ஒரு தரநிலை உண்டு: 2016-இல் வந்த ஆர்எஃப்சி 7807-க்குப் பதிலாக 2023-இல் ஆர்எஃப்சி 9457 வந்திருக்கிறது. டைப், டைட்டில், ஸ்டேட்டஸ், டீடெயில், இன்ஸ்டன்ஸ் என்று ஐந்து ஃபீல்டுகள். இவற்றில் டைப்தான் முக்கியம்: கிளையன்டின் கோடு அதைப் பார்த்துத்தான் கிளை பிரிய வேண்டும். மனிதர் படிக்கும் வாக்கியத்தை நாளை நீங்கள் திருத்தினாலும் யாருடைய ஆப்பும் உடையாது.

இவ்வளவையும் டெஸ்ட்டில் பிடித்து வையுங்கள். டெஸ்ட்கிளையன்ட் இயல்பாகச் சர்வர் எக்செப்ஷனை உங்கள் டெஸ்ட்டுக்குள்ளேயே எழுப்பிவிடும். 500 பதிலைப் பார்க்கவே முடியாது. ‘ரெய்ஸ் சர்வர் எக்செப்ஷன்ஸ்’ என்ற அமைப்பை ஃபால்ஸ் ஆக்கினால்தான் வாடிக்கையாளருக்குப் போகும் அதே பதில் உங்கள் கைக்கு வரும். அதில் ரிக்வெஸ்ட் ஐடி இருக்கிறதா, ட்ரேஸ் எதுவும் கசியவில்லையா என்று சோதித்த பிறகு கோடை ரிவ்யூவுக்கு அனுப்புங்கள்.