எலுமிச்சை இல்லாத எலுமிச்சைப் புளிப்பு

கேள்வி: ஜாம், மிட்டாய், குளிர்பானம் எல்லாவற்றிலும் ‘சிட்ரிக் அமிலம்’ சேர்ப்பதாக எழுதியிருக்கிறதே, அது எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து எடுப்பதா?

பதில்: ஒரு காலத்தில் அப்படித்தான். இன்று அதைத் தருவது ஒரு கறுப்புப் பூஞ்சணம். வெங்காயம் உரிக்கும்போது சில சமயம் தோலுக்கடியில் கரித்தூள் அப்பியதுபோல் இருக்குமே, அதே அஸ்பெர்ஜில்லஸ் நைஜர்!

எலுமிச்சைச் சாற்றிலிருந்து இந்த அமிலத்தை முதலில் படிகமாகப் பிரித்தவர் ஸ்வீடனில் மருந்துக்கடை நடத்திய கார்ல் வில்ஹெல்ம் ஷீலே. ஆண்டு 1784. சாற்றில் சுண்ணத்தைக் கலந்தார். அமிலம் அதோடு சேர்ந்து அடியில் படிந்தது. அந்தப் படிவின்மேல் கந்தக அமிலத்தை ஊற்றியதும் சிட்ரிக் அமிலம் தனியே வந்தது. புளித்த பாலிலிருந்து லாக்டிக் அமிலத்தையும் ஆப்பிளிலிருந்து மாலிக் அமிலத்தையும் பிரித்தவரும் இவரே. கையில் கிடைத்த ரசாயனத்தையெல்லாம் நாக்கில் வைத்துப் பார்க்கும் வழக்கம் அவருக்கு இருந்ததாகச் சொல்வார்கள். 43 வயதில் இறந்துபோனார். வழக்கத்துக்கும் முடிவுக்கும் தொடர்பு இருக்கலாம்.

அதன்பின் இந்தத் தொழில் பெரும்பாலும் இத்தாலியின் எலுமிச்சைத் தோட்டங்களை நம்பியே நடந்தது. முதல் உலகப் போர் வந்தது, வரத்து தடைப்பட்டது. சர்க்கரைக் கரைசலில் வளரும் சில பூஞ்சணங்கள் சிட்ரிக் அமிலத்தைச் சுரப்பதை ஜெர்மானியரான வேமர் 1893-லேயே கண்டிருந்தார். ஆனால் கட்டுப்படியாகும் அளவுக்கு அதைச் சுரப்பது அஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்று 1917-ல் காட்டியவர் அமெரிக்கரான ஜேம்ஸ் கரி. இரண்டே ஆண்டில் ஃபைசர் நிறுவனம் உற்பத்தியைத் தொடங்கிவிட்டது. இப்போது கரும்பாலைக் கழிவுப்பாகு, மக்காச்சோளச் சர்க்கரை போன்றவைதாம் இந்தப் பூஞ்சணத்துக்குத் தீனி.

பூஞ்சணமா என்று முகம் சுளிக்க வேண்டாம். அதை வடிகட்டி நீக்கியபிறகே அமிலத்தைச் சுத்திகரிக்கிறார்கள். எலுமிச்சையில் இருப்பதும் இதுவும் ஒரே மூலக்கூறு. நாக்கால் பிரித்தறிய முடியாது. உறையில் ‘330’ என்ற எண் மட்டும் இருந்தாலும் இதுதான்.

கேள்வி: மாங்காய் பழுத்தால் இனிக்கிறது. புளி மட்டும் பழுத்தும் ஏன் புளிக்கிறது?

பதில்: மாங்காயின் புளிப்புக்குச் சிட்ரிக், மாலிக் அமிலங்கள் காரணம். பழுக்கும்போது காய் அவற்றைச் செலவழித்துவிடும். புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம், திராட்சையிலும் உண்டு. புளி பழுக்கும்போது சர்க்கரை ஏறுகிறதே தவிர, இந்த அமிலம் கரைவதில்லை. இனிப்பு உள்ளே இருந்தும் புளிப்பு அதை அமுக்கிவிடுகிறது.

புளிப்பு குறைந்த ரகங்களும் உண்டு. தாய்லாந்தின் பெட்சாபூன் மாகாணம் இனிப்புப் புளிக்குப் பேர்போனது. அங்கே ஓட்டை உடைத்து, பேரீச்சையைத் தின்பதுபோலத் தின்கிறார்கள். ரசம் வைக்க அது உதவாது.