மன்றோ குதிரைக்கு அங்கவடி எங்கே?

சென்னை தீவுத்திடல் பக்கம் குதிரை மேல உட்கார்ந்திருக்கிற சர் தாமஸ் மன்றோ சிலையைப் பார்த்திருப்பீங்க. கூடவே இந்தக் கதையும் காதுல விழுந்திருக்கும்: சிற்பி அங்கவடி வைக்க மறந்துட்டார், தெரிஞ்சதும் அவமானம் தாங்காம தற்கொலை பண்ணிக்கிட்டார். அங்கவடின்னா குதிரையில போறவர் கால் வைக்கிற இரும்பு வளையம்.

கதையில பாதி உண்மை. சிலையில அங்கவடி கிடையாது. மறந்துட்டார்ங்கிறதுதான் இடிக்குது.

எங்க ஆரணியில ஒரு பட்டுப் புடவை முடியறதுக்குள்ள எத்தனை கை மாறுதுன்னு பாருங்க. ஒருத்தர் டிசைனைக் கட்டம் போட்ட தாள்ல வரைவார், இன்னொருத்தர் அதைப் பார்த்து ஜக்கார்டு அட்டை குத்துவார், அப்புறம்தான் தறி. பார்டரே இல்லைன்னா நடுவுல ஒருத்தராவது கேட்க மாட்டாங்களா? இந்தச் சிலை சுமார் 6 டன் வெண்கலம். மாதிரி செஞ்சு, அச்சு எடுத்து, வார்த்து, கப்பல்ல ஏத்தி, 1839-ல இங்க நிறுத்தினாங்க. அத்தனை பேருமா மறந்தாங்க?

செஞ்சவர் பிரான்சிஸ் சான்ட்ரி. 1781-ல இங்கிலாந்துல ஷெஃபீல்டு பக்கத்துல பிறந்தவர். அப்பா தச்சர்; பையனுக்கு 12 வயசுலயே இறந்துட்டார். ஷெஃபீல்டுல ஒரு மரச்சிற்பிகிட்ட தொழில் பழகி, லண்டன் போய் நாட்டுலயே பெரிய சிற்பிகள்ல ஒருத்தர் ஆனார். அவர் செஞ்ச இன்னும் ரெண்டு குதிரைச் சிலைகள் லண்டன்ல இருக்கு: டிரஃபால்கர் சதுக்கத்துல நான்காம் ஜார்ஜ், ராயல் எக்ஸ்சேஞ்ச் முன்னாடி வெலிங்டன். ரெண்டுலயும் சேணமும் இல்ல, அங்கவடியும் இல்ல. ஒரு தடவை மறக்கலாம். மூணு தடவையுமா?

காரணம் அந்தக் காலத்து ரசனை. 18-ம் நூற்றாண்டுல பாம்பேயி மாதிரி புதைஞ்சு போன ரோமானிய ஊர்களைத் தோண்டி எடுத்ததுல இருந்து, ஐரோப்பியக் கலைஞர்கள் பழைய கிரேக்க, ரோமானிய பாணிக்குத் திரும்பினாங்க. இதைத்தான் நியோகிளாசிக்கல்னு சொல்றோம். குதிரைச் சிலைக்கு அவங்க முன்னாடி இருந்த பெரிய மாதிரி, ரோம்ல இருக்கிற பேரரசர் மார்கஸ் அரேலியஸ் வெண்கலச் சிலை. அதுல கால் சும்மாதான் தொங்கும், ஏன்னா ரோமானியர் அப்போ அங்கவடியே பார்த்ததில்ல. பிரெஞ்சு சிற்பி ஃபால்கோனே செஞ்சு, 1782-ல செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல திறந்த மகா பீட்டர் சிலையும் அப்படித்தான்.

ஆக, அந்த இல்லாத வளையம் ஒரு கௌரவம். கம்பெனி கவர்னர் ஒருத்தரை ரோமப் பேரரசர் வரிசையில உட்கார வைக்கிற வேலை அது. மறதிக் கதையைவிட இதுதான் எனக்கு உறுத்துது. ரயத்துவாரி முறையைக் கொண்டுவந்தவர்னு மன்றோவுக்கு நல்ல பேர் இருக்கு, சரி. ஆனா பேரரசரா?

தற்கொலையும் இல்ல. சிலை வந்து ரெண்டு வருஷம் கழிச்சு, 1841-ல, சான்ட்ரி திடீர்னு இறந்தார், பெரும் பணக்காரரா. பிரிட்டன்ல உருவாகிற ஓவியம், சிற்பங்களை நாட்டுக்காக வாங்கணும்னு சொத்தை எழுதி வச்சார். அந்தப் பணத்துல வாங்கினது லண்டன் டேட் காட்சியகத்துல இருக்கு.