மச்சம் அரித்தால் என்ன செய்வது?

மச்சம் அரிக்கிறது என்றதும் நம்மில் சிலர் பயந்து தூக்கத்தை இழக்கிறோம். சிலர் சுண்ணாம்பு வைத்துச் சுட்டுவிடுகிறோம். இரண்டுமே வேண்டாம்.

தோலுக்கு நிறம் தரும் அணுக்கள் ஓரிடத்தில் திரள்வதே மச்சம். சட்டைக் காலர் உரசினாலும், வியர்த்தாலும், புது சோப்பு ஒத்துக்கொள்ளாவிட்டாலும், தோல் வறண்டாலும் அது அரிக்கும். காரணத்தை நீக்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும். சொறிந்து புண்ணாக்கக் கூடாது.

அரிப்போடு மாற்றமும் சேர்ந்தால் கவனம் தேவை. மச்சத்தின் ஒரு பாதி மறுபாதி போல் இல்லையா? ஓரம் கோணலாக உள்ளதா? பல நிறங்கள் தெரிகின்றனவா? 6 மில்லிமீட்டருக்கு மேல் அகலமா? வளர்கிறதா, இரத்தம் கசிகிறதா? இவை மெலனோமா என்னும் தோல் புற்றுநோயின் அறிகுறிகளாக இருக்கலாம்.

நம் போன்ற கருநிறத் தோலினருக்கு இந்நோய் அரிது. வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடியில் வருவதே அதிகம். பாடகர் பாப் மார்லிக்குக் கால் பெருவிரல் நகத்தின் கீழ் வந்தது. 1981-இல், 36 வயதில் இறந்தார். முள் குத்திய வடு, அடிபட்ட நகம் என்று நாம் விட்டுவிடுவது இதனால்தான் ஆபத்து. கால் கழுவும்போது உள்ளங்காலையும் பாருங்கள்.

சுண்ணாம்பு, ஆசிட், நூல் கட்டுதல் கூடாது. அகற்றிய சதையைச் சோதித்தால்தான் நோய் தெரியும். சுட்டுவிட்டால் அதற்கு வழியில்லை.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு உண்டு. மறைவான இடத்து மச்சமென்று பெண்கள் கூச்சப்பட்டுத் தள்ளிப்போட வேண்டாம். பெண் மருத்துவரைக் கேளுங்கள். தொடக்கத்திலேயே வெட்டி எடுத்தால் பெரும்பாலும் குணமாகும்.