ஹம்மஸ் டப்பா வாங்குறதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கணக்கு

அலங்காநல்லூர்ல இருந்து மதுரைக்கு தினமும் பஸ்ல வேலைக்குப் போறீங்களா? சாயங்காலம் வாங்குற ஹம்மஸ் டப்பாவுக்கு மாசம் எவ்வளவு போகுதுன்னு கூட்டிப் பாருங்க.

அது வெறும் கொண்டைக்கடலை, எள், பூண்டு, எலுமிச்சை, எண்ணெய், உப்புதான்.

செய்முறை: 100 கிராம் வெள்ளைக் கொண்டைக்கடலையை ராத்திரி ஊறவைத்து, குக்கரில் குழைய வேகவையுங்க. எடை இரு மடங்குக்கு மேல் ஆகும். வறுத்த எள் 2 ஸ்பூனை முதலில் பொடித்து, மற்றதைச் சேர்த்து அரையுங்க.

கணக்கு: கடலை கிலோ 120 ரூபாய்னா, 100 கிராம் 12 ரூபாய். மற்ற சாமான் 20 ரூபாய்னு வைங்க. மொத்தம் 32 ரூபாய்க்கு சுமார் 250 கிராம். அதாவது 100 கிராம் 13 ரூபாய். டப்பா விலையையும் 100 கிராமுக்கு வகுத்து ஒப்பிடுங்க.

ஃபிரிட்ஜ்ல மூணு நாளைக்குள்ள முடிச்சிடுங்க. கெட்டுப்போனா மிச்சம் பிடிச்சதும் குப்பைக்குத்தான். ரூம்ல ஃபிரிட்ஜ் இல்லையா? அன்னன்னைக்கு நிலக்கடலைச் சட்னி போதும்.