சால்டரிங் அயர்ன் முனையைப் பேணும் முறை

எமர்ஜென்சி விளக்கு, காலிங் பெல் முதலியவற்றில் அறுந்த ஒயரைப் பற்றவைக்க நம்மில் பலர் கடையில் சால்டரிங் அயர்ன் வைத்திருக்கிறோம். முனை கறுத்துவிட்டால் ஈயம் ஒட்டாது. உடனே சிலர் அரத்தால் ராவுவார்கள். அது கூடாது. பெரும்பாலான முனைகளில் உள்ளே செம்பு, மேலே இரும்புப் பூச்சு. பூச்சு போனால் உருகிய ஈயம் செம்பை அரித்துக் குழி விழும்.

முனை சூடானதும், நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியில் துடைத்து, உடனே சிறிது ஈயம் பூச வேண்டும். சுவிட்சை அணைக்கும் முன்பும் அவ்வாறே பூசினால், காற்றுப் பட்டு முனை கறுக்காது.

உணவுப் பொருள் விற்கும் நாம் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். 60/40 ஈயக்கம்பியில் 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம். காரீயம் நஞ்சு, குழந்தைகளை அதிகம் பாதிக்கும். எனவே தராசு, சரக்கு மூட்டை அருகே இவ்வேலை வேண்டாம். துடைத்த துணியைத் தனியே வைப்போம். சோப்புப் போட்டுக் கை கழுவிய பின்பே சரக்கைத் தொடுவோம். ஒழுகும் எண்ணெய்ப் படியை இந்த ஈயத்தால் ஒருபோதும் அடைக்கக் கூடாது.